கட்டைகளால் உலகம் கட்டிய தச்சர்: ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன்

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு, பொழுது அத்தனை மலிவாகவா கிடக்கிறது என்பது அவர்கள் எண்ணம். கேரம் பலகை, பூப்பந்து மட்டை, தபால்தலைத் தொகுப்பு, கதைப் புத்தகம் ஆகிய அனைத்தும் தேர்வுக் காலத்தில் பரண் ஏறிவிடுகின்றன. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் விடுதி அறையில் அமர்ந்து வண்ண வண்ணக் கட்டைகளை அடுக்கி வீடும் பாலமும் கட்டிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இருபது வயதைத் தாண்டியும் இன்னும் குழந்தையா என்று அறைத் தோழர்களே கேலி பேசுவார்கள்.

அன்பு வாசகர்களே, இதே கேள்வியைத் தம் நாற்பதாம் வயதில் எதிர்கொண்ட ஒருவரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம். அவர் பணக்காரர் அல்லர். பட்டம் பெற்றவரும் அல்லர். மரத்தை இழைத்துப் பிழைத்த ஒரு கிராமத்துத் தச்சர். பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். உலகம் முழுவதும் பிள்ளைகளும் பெரியவர்களும் கையில் எடுக்கும் லெகோ கட்டைகளின் கதை இவரிடம்தான் தொடங்குகிறது.

பிலுண்ட் கிராமத்துத் தச்சர்

ஓலே கிர்க் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் டென்மார்க்கின் ஜட்லாந்து பகுதியில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். இளம் வயதிலேயே தம் அண்ணனிடம் தச்சுத் தொழில் பழகினார். பிறகு ஜெர்மனிக்கும் நார்வேக்கும் சென்று வேலை செய்தார். நார்வேயில் கிர்ஸ்டின் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1916-இல் அவரையே மணந்துகொண்டு தாயகம் திரும்பினார். அதே ஆண்டில், சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு பிலுண்ட் என்ற சிற்றூரில் ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார்.

பிலுண்ட் அப்போது சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த விவசாயக் கிராமம். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கதவு, சன்னல், அலமாரி செய்து கொடுப்பதும் வீடு கட்டிக் கொடுப்பதுமே ஓலே கிர்க்கின் தொழில். ஜொஹானஸ், கார்ல் ஜார்ஜ், கோட்பிரெட், கெர்ஹார்ட் என நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தனர். அவர் ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். பட்டறையில் வேலை தொடங்குவதற்கு முன் தொழிலாளர்களோடு சேர்ந்து பிரார்த்தனை செய்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

1924-இல் முதல் சோதனை வந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளான கார்ல் ஜார்ஜும் கோட்பிரெட்டும் பட்டறையில் நெருப்போடு விளையாடியபோது மரச் சீவல்களில் தீப்பற்றியது. பட்டறையோடு வீடும் எரிந்து சாம்பலானது. மனம் தளராத ஓலே கிர்க், முன்பு இருந்ததைவிடப் பெரிய வீட்டையும் பட்டறையையும் அதே இடத்தில் எழுப்பினார். வாசலில் இரண்டு சிங்கச் சிலைகளோடு நிற்கும் அந்த வீடு பிலுண்டில் இன்றும் இருக்கிறது.

பஞ்ச காலத்தில் பிறந்த பொம்மை

1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி சில ஆண்டுகளில் டென்மார்க் விவசாயிகளையும் தாக்கியது. கையில் காசு இல்லாதவர் யார் புது வீடு கட்டுவார்? ஓலே கிர்க்கின் பட்டறைக்கு வேலை வருவது நின்றது. ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு 1932-இல் மனைவி கிர்ஸ்டின் காலமானார். மூத்த மகனுக்குப் பதினைந்து வயது, கடைசி மகனுக்கு ஆறு வயது. தாயற்ற நான்கு பிள்ளைகளும் வருமானமற்ற பட்டறையும்தான் அவர் கையில் எஞ்சியவை.

மிச்சமிருந்த சிறு மரத்துண்டுகளைக் கொண்டு ஏணி, துணி தேய்க்கும் பலகை போன்ற சிறிய வீட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றோடு கார், லாரி, விலங்கு என மரப் பொம்மைகளும் செய்தார். பொம்மை செய்வதில்தான் அவர் மனம் ஒட்டியது. ஆனால், கடனுக்கு உதவி கேட்டுப் போனபோது உடன்பிறந்தவர்கள் தயங்கினார்கள். நல்ல தச்சன் ஒருவன் பயனுள்ள தொழிலை விட்டுவிட்டுப் பொம்மை செய்கிறானே என்ற வருத்தம் அவர்களுக்கு. நம் வீடுகளில் இன்று கேட்கும் கேள்விதான் அது! இருந்தும் உதவினார்கள், ஓலே கிர்க்கும் பொம்மையை விடவில்லை.

தொடக்கம் எளிதாக இல்லை. ஒரு மொத்த வியாபாரி கிறிஸ்துமஸ் விற்பனைக்காகப் பெரிய அளவில் பொம்மைகளைக் கேட்டுவிட்டு, பிறகு நொடித்துப் போனார். செய்து முடித்த பொம்மைகளை ஓலே கிர்க் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றார். காசு இல்லாதவர்கள் உணவுப் பொருள் கொடுத்துப் பொம்மை வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில்தான் யோ-யோ மோகம் டென்மார்க்கில் பரவியது. பட்டறை இரவு பகலாக யோ-யோ செய்தது. ஆனால், மோகம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது; யோ-யோக்கள் குவியலாகத் தேங்கின. ஓலே கிர்க் அவற்றைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு யோ-யோவையும் இரண்டாகப் பிளந்து பொம்மை லாரிகளுக்குச் சக்கரமாக்கினார். ஒரு விளையாட்டின் முடிவை இன்னொரு விளையாட்டின் தொடக்கமாக மாற்றத் தெரிந்த மனிதர் அவர்.

1934-இல் நிறுவனத்துக்கு நல்ல பெயர் ஒன்று வேண்டுமென்று தொழிலாளர்களிடையே போட்டி வைத்தார். பரிசு, வீட்டில் தயாரித்த திராட்சை ரசம் ஒரு போத்தல். கடைசியில் அவரே யோசித்த பெயர்தான் தேர்வானது. டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து லெகோ என்று பெயரிட்டார். அதே ஆண்டில் சோஃபி என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு உல்லா என்ற மகள் பிறந்தாள்.

மூன்றாவது பூச்சு

தம் பன்னிரண்டாம் வயதிலேயே பட்டறைக்கு வந்துவிட்ட மகன் கோட்பிரெட், பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. மர வாத்துப் பொம்மைகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுவது வழக்கம். ஒருநாள் கோட்பிரெட் இரண்டே பூச்சோடு நிறுத்திக்கொண்டு, பெட்டிகளை இரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்தார். பணத்தை மிச்சப்படுத்தியதைப் பெருமையாகத் தந்தையிடம் கூறினார். தந்தை மகிழவில்லை. உடனே போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டு வரவும், மூன்றாவது பூச்சைப் பூசவும், அதைத் தனியாளாகவே செய்து முடிக்கவும் கட்டளையிட்டார். அந்த இரவு முழுவதும் கோட்பிரெட் வாத்துகளுக்கு வார்னிஷ் பூசினார். மிகச் சிறந்ததைவிடக் குறைந்த எதுவும் குழந்தைகளுக்குப் போதாது என்னும் தந்தையின் கொள்கையைப் பிறகு அவரே பலகையில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

வாங்குபவர் கண்ணுக்கு இரண்டு பூச்சுக்கும் மூன்று பூச்சுக்கும் வேறுபாடு தெரிந்திருக்குமா? தெரியாமலும் போயிருக்கலாம். செய்தவருக்குத் தெரியும் என்பதே ஓலே கிர்க்கின் கணக்கு. கடைசி இரவில் அவசரமாகப் பணித்தாள் எழுதி ஒப்படைக்கும் நமக்கு இந்த மூன்றாவது பூச்சு சிந்திக்க வேண்டிய பாடம்.

1942-இல், டென்மார்க் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த காலத்தில், மீண்டும் தீ விபத்து ஏற்பட்டது. தொழிற்சாலையோடு பல ஆண்டுகளாகச் சேர்த்த பொம்மை வரைபடங்களும் மாதிரிகளும் அழிந்தன. ஐம்பது வயதைக் கடந்திருந்த ஓலே கிர்க் தொழிலையே விட்டுவிடலாமா என்று கலங்கினார். ஆனால், தம்மை நம்பியிருந்த தொழிலாளர்களின் குடும்பங்களை நினைத்துப் பார்த்து மறுபடியும் எழுந்தார்.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

போர் முடிந்ததும் 1946-இல் அவர் எடுத்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது. பிளாஸ்டிக் பொருள்களை அச்சில் வார்க்கும் இயந்திரம் ஒன்றை 30,000 குரோனர் விலைக்கு வாங்க முன்வந்தார். ஒரு சிறு நிறுவனத்துக்கு அது மிகப் பெரிய தொகை. பிள்ளைகளுக்கே அந்த முடிவில் நம்பிக்கை இல்லை. மரத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர் பிளாஸ்டிக்கை நாடியது பெரிய துணிச்சல்தான்.

1949-இல் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள் வெளிவந்தன. இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டையின் அடிப்படை எண்ணம் ஓலே கிர்க்குக்குச் சொந்தமானதன்று. ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயர் தம் கிடிகிராஃப்ட் நிறுவனத்தின் வழி அத்தகைய கட்டைகளை முன்னதாகவே செய்திருந்தார். அவற்றின் மாதிரி பிலுண்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துச் சில மாற்றங்களோடு லெகோ தன் கட்டையைச் செய்தது. இதை லெகோ நிறுவனமே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டு, 1981-இல் கிடிகிராஃப்ட் கட்டைகளுக்கான உரிமைகளையும் வாங்கியது. ஆனால், பேஜ் 1957-லேயே இறந்துவிட்டார். லெகோவைப் பாராட்டும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அந்த முதல் கட்டைகள் நன்றாக விற்கவும் இல்லை. உள்ளே வெறும் பள்ளமாக இருந்ததால் அடுக்கிய கட்டைகள் உறுதியாகப் பிடித்துக்கொள்ளவில்லை; கொஞ்சம் அசைத்தாலே சரிந்துவிடும்.

1954-இல் கோட்பிரெட், கோப்பன்ஹேகன் பேரங்காடி ஒன்றின் பொம்மைப் பிரிவு அதிகாரியோடு பயணத்தின்போது உரையாடினார். பொம்மைகளுக்குள் ஓர் ஒழுங்கமைப்பு இல்லை என்பது அந்த அதிகாரியின் குறை. கோட்பிரெட் அதையே எண்ணிக்கொண்டிருந்தார். தனித்தனிப் பொம்மையாக இல்லாமல், இன்று வாங்கிய பெட்டி நேற்று வாங்கிய பெட்டியோடு சேர வேண்டும் என்று முடிவு செய்தார். 1955-இல் வீடு, சாலை, மரம், வண்டியோடு ஒரு சிறு நகரையே கட்டும் தொகுப்புகள் வெளிவந்தன. யோ-யோ மோகம் வடிந்ததற்கும் கட்டை விளையாட்டு நிலைத்ததற்கும் காரணம் இதுதான். யோ-யோவில் பழகியது முடிந்ததும் அலுப்பு வரும். கட்டையிலோ கட்டியதைக் கலைத்துவிட்டு வேறொன்று கட்டலாம்.

அடுத்து, கட்டை சரிந்துபோகும் குறைக்கும் தீர்வு கிடைத்தது. கட்டையின் அடிப்பக்கத்துப் பள்ளத்தில் சிறு குழாய்கள் வைக்கப்பட்டன. கீழ்க் கட்டையின் குமிழ் மேல் கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இறுகிப் பிடித்துக்கொண்டது. அதே சமயம் குழந்தையின் கையால் பிரிக்கவும் முடிந்தது. 1958 ஜனவரி 28-ஆம் நாள் இதற்கான காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. சரியாக 42 நாள்கள் கழித்து, மார்ச் 11-ஆம் நாள், ஓலே கிர்க் தம் 66-ஆம் வயதில் காலமானார். கட்டை உலகை வெல்லப் போவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் விட்டுச் சென்றது

1960-இல் மூன்றாவது முறையாகத் தீப்பிடித்து மரப் பொம்மைக் கிடங்கு எரிந்தது. அதன்பின் மரப் பொம்மைகளைக் கைவிட்டுக் கட்டைகளிலேயே நிறுவனம் கவனம் செலுத்தியது. 1968-இல் பிலுண்டில் லெகோலாந்து திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் லெகோலாந்து 2012-இல் நம் ஜொகூர் மாநிலத்தில் திறக்கப்பட்டது நமக்குப் பெருமை. 1958-க்குப் பிறகு வார்க்கப்பட்ட கட்டைகள் இன்றைய கட்டைகளோடும் பொருந்துகின்றன. அப்பா விளையாடிய பெட்டியை மகளும் மகளின் பிள்ளையும் பயன்படுத்தலாம். மூன்றாவது பூச்சின் மறு வடிவம் அல்லவா இது!

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 915,103,765 வழிகளில் இணைக்கலாம் என்று டென்மார்க் கணிதவியலாளர்கள் கணினியின் துணையோடு கணக்கிட்டுள்ளனர். கைப்பிடிக்குள் அடங்கும் ஆறு கட்டைகளுக்கே இத்தனை வாய்ப்பென்றால், பெட்டி நிறைய இருந்தால் எண்ணிப் பாருங்கள்.

நண்பர்களே, அசல் பெட்டிகளின் விலை மாணவர் கைக்கு எட்டாதது உண்மைதான். ஆனால், தம்பி தங்கையர் வளர்ந்த பிறகு அலமாரிக்கடியில் தூசு படிந்து கிடக்கும் பழைய கட்டைகள் பல வீடுகளில் உண்டு. அவற்றைக் கழுவி எடுத்து நான்கு பேர் சேர்ந்து அமர்ந்தாலே போதும். கதை படிக்கும் பழக்கத்தையோ மாலை நேரப் பூப்பந்தையோ விட்டுவிட்டு இதற்கு வரவேண்டும் என்பதில்லை. ஓடியாடும் விளையாட்டு உடலுக்கு, வாசிப்பு மனத்துக்கு, கட்டை அடுக்குவது கைக்கும் பொறுமைக்கும். தவறாக வைத்த ஒரு கட்டைக்காகப் பத்துக் கட்டைகளைக் கழற்றி மீண்டும் தொடங்கும் பழக்கம் எந்தப் பாடத்துக்குத்தான் உதவாது?

ஓலே கிர்க் மனைவியை இழந்தார், பட்டறையை இரண்டு முறை நெருப்புக்குக் கொடுத்தார், கடன் பட்டார், உடன்பிறந்தவர்களின் ஐயத்தைச் சுமந்தார். அவ்வளவு துன்பத்துக்கு நடுவிலும், குழந்தைகள் நன்றாக விளையாட வேண்டும் என்பதை ஒரு பெரிய மனிதரின் முழுநேர வேலைக்குத் தகுந்த காரியமாக அவர் மதித்தார். விளையாட்டை வீண் என்று ஒதுக்குவதற்கு முன் அந்தத் தச்சரை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். படிக்கும் நேரத்தில் நன்றாகப் படிப்போம். விளையாடும் நேரத்தில் நன்றாக விளையாடுவோம்!