படையப்பாவில் வந்த வசுந்தரா

இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எழுத எடுத்துக்கொண்டது நடிகை சௌந்தர்யாவின் வாழ்க்கை. சினிமாக்காரங்களைப் பத்தியா என்று முகம் சுளிக்காமல் முழுசாப் படிங்க!

'படையப்பா' (1999) படத்தில் நீலாம்பரி வீட்டில் வேலை செய்யும் வசுந்தராவாக வருவாரே, அவர்தான். டி.வி.யில் அந்தப் படம் போட்டால் எல்லாரும் நீலாம்பரியைப் பத்தித்தான் பேசுவோம். அமைதியாக வந்த வசுந்தராவை யாரும் கண்டுக்கிறதில்லை. எனக்கு அது நியாயமாப் படலை.

கர்நாடகாவில் கோலார் மாவட்டம் முல்பாகல்தான் அவர் சொந்த ஊர். வீட்டில் வைத்த பெயர் சௌம்யா. அப்பா சத்யநாராயணா கன்னடப் படங்களுக்குக் கதை எழுதியவர். டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்த சௌந்தர்யா, 1992-ல் சினிமாவுக்கு வந்து படிப்பைப் பாதியில் விட்டுட்டார். தமிழில் முதலில் 'பொன்னுமணி' (1993), அப்புறம் அருணாசலம், காதலா காதலா, தவசி. தெலுங்கில் இன்னும் பெரிய பேர்.

பலருக்குத் தெரியாத விஷயம், அவர் படத் தயாரிப்பாளரும்கூட. கிரீஷ் காசரவள்ளி இயக்கிய 'த்வீபா' (தீவு) என்ற கன்னடப் படத்தைச் சொந்தமாக எடுத்து, அவரே நடித்தார். அணை கட்டியதால் ஒரு ஊர் தண்ணீரில் மூழ்குது. எல்லாரும் கிளம்பின பிறகும் ஒரு குடும்பம் மட்டும் போகாமல் நிற்குது. கெடிலத்தில் வெள்ளம் பார்த்த நமக்கும், நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊரை விட்டு வந்தவங்களுக்கும் இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். பாட்டு, சண்டை எதிர்பார்த்து எடுத்த படம் இல்லை. 2001-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது, தங்கத் தாமரை, அதுக்குத்தான் கிடைச்சது.

2004 ஏப்ரல் 17. தேர்தல் நேரம். கரீம்நகரில் பிரசாரம் செய்ய, பெங்களூர் ஜக்கூர் விமானத் தளத்தில் இருந்து அண்ணன் அமர்நாத்தோடு கிளம்பினார். செஸ்னா 180 என்ற ஒற்றை எஞ்சின் சின்ன விமானம். பைலட்டோடு சேர்த்து நாலு பேர். காலை 11 மணி வாக்கில் மேலே ஏறிய விமானம், ஏறிய சில நொடிகளிலேயே பக்கத்து வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. நாலு பேரும் இறந்துட்டாங்க. செய்திகள் சொன்னபடி அது ஏறியிருந்தது 100 அடி அளவுதான். நம்ம ஊர்த் தென்னை மரத்தைவிடக் கொஞ்சம் உசரம்.

இவ்வளவு தாழ்வாகப் பறக்கும்போது என்ன ஆபத்து என்று நானும் யோசித்தேன். இறக்கை மேல் காற்று வேகமாக ஓடினால்தான் விமானம் நிற்கும். கிளம்பும்போது அந்த வேகம் குறைவு. வேகம் போதாமல் இறக்கை பிடிப்பு இழந்தால், மூக்கைக் கீழே சாய்த்து வேகம் பிடிக்கணும். அதுக்கு உயரம் வேணும். உசரத்தில் பறக்கிறவருக்குச் சமாளிக்க நேரம் இருக்கும். 100 அடியில் அது கிடையாது.

அவர் நடித்த 'ஆப்தமித்ரா' அவர் இறந்த பிறகு, அதே ஆகஸ்டில் வெளிவந்து கர்நாடகாவில் பெரிய வெற்றி பெற்றது. அடுத்த வருஷம் அந்தப் படம்தான் தமிழில் 'சந்திரமுகி' ஆச்சு. இங்கே ஜோதிகா கண்ணை உருட்டி நம்மைப் பயமுறுத்தின வேஷம், அங்கே சௌந்தர்யா செய்தது.