தகடா, ஆணியா? கெர்ஹார்ட் கூன்ட்ஷரும் மேற்கை எலும்பு முறிவும்

மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறிந்து அறுவை சிகிச்சை தேவைப்படும்போது, தகடு பொருத்துவதா, ஆணி செலுத்துவதா என்ற கேள்வி உங்கள் முன் எழலாம். இன்றைய ஆணி முறைக்கு அடித்தளமிட்டவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் கூன்ட்ஷர். அவரது வாழ்க்கையை அறிந்தால் இக்கேள்வி எளிதில் விளங்கும்.

கூன்ட்ஷர் 1900ஆம் ஆண்டு ஸ்விக்காவ் நகரில் பிறந்தார். கீல் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றினார். அக்காலத்தில் தொடை எலும்பு முறிந்தவர்கள், காலில் எடை கட்டப்பட்டுப் பல வாரங்கள் படுக்கையில் கிடந்தனர். எலும்பு கூடினாலும் தசை மெலிந்தது, மூட்டு இறுகியது. முறிந்த இடத்தைத் திறக்காமல், எலும்பின் ஒரு முனை வழியாக மஜ்ஜைக் குழிக்குள் நீண்ட எஃகு ஆணியைச் செலுத்தும் முறையை அவர் வகுத்து, 1939 நவம்பரில் நோயாளி ஒருவருக்குச் செய்தார். 1940இல் பெர்லினில் இதனை விளக்கியபோது, மஜ்ஜை சேதமுறும் எனப் பலர் ஐயுற்றனர்.

இரண்டாம் உலகப் போரில் ஃபின்லாந்தில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, அங்குள்ள மருத்துவர்களும் இம்முறையைக் கற்றனர். ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்து திரும்பிய வீரர்களின் எக்ஸ்ரே படங்களில் தொடைக்குள் நீண்ட ஆணியைக் கண்ட நேசநாட்டு மருத்துவர்கள் வியந்தனர். 1957 முதல் ஹாம்பர்க் துறைமுக மருத்துவமனையை வழிநடத்திய அவர், 1972இல் மறைந்தார். இதற்கிடையே 1958இல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் முதலிய மருத்துவர்கள் அமைத்த குழு, தகடு, திருகாணி முறையைச் செம்மைப்படுத்தியது.

தொடையில் ஆணி பெற்ற முதலிடத்தை மேற்கையில் பெறவில்லை. காரணம் உடலமைப்பே ஆகும். தொடை உடலின் எடையைத் தாங்குகிறது. கையோ பெரும்பாலும் திருகி இயங்குகிறது. மேலிருந்து செலுத்தப்படும் ஆணி தோள்பட்டைத் தசைநாணைக் கடந்து செல்வதால், சிலருக்குத் தோள்வலி நீடிக்கிறது. தகட்டிற்கு நீண்ட கீறல் தேவை. எலும்பைச் சுற்றிச் செல்லும் ரேடியல் நரம்பைக் கண்டறிந்து காக்கவும் வேண்டும். ஆயினும் தோள் பாதிப்பு குறைவு. எலும்பைச் சரியாகப் பொருத்தவும் இயலும். எலும்பு கூடுவதில் இரண்டும் ஏறக்குறைய ஒத்த பலனையே தருகின்றன.

எனவே பல இடங்களில் முறிந்த எலும்பு, புற்றுநோயால் நலிந்து முறிந்த எலும்பு ஆகியவற்றிற்கு ஆணி பெரிதும் ஏற்றது. முழங்கைக்கு அருகிலான முறிவிற்கும், தோளை உயர்த்தி உழைப்பவருக்கும் தகடு பெரும்பாலும் பொருந்தும். விலகாத, தோல் கிழியாத முறிவுகள் பல, அறுவையின்றிப் பட்டையிலேயே கூடிவிடும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

அறுவைக்கு ஒப்புதல் அளிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எனக்கு அறுவை அவசியமா? இம்முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? தோள், முழங்கைப் பயிற்சியை எப்போது தொடங்கலாம்? கூன்ட்ஷர் நோயாளியைப் படுக்கையிலிருந்து விரைவில் எழுப்பவே முயன்றார். எம்முறையாயினும் பயிற்சியின்றி அப்பயன் கிட்டாது.

மணிக்கட்டைத் தூக்க இயலாமை, விரல்கள் குளிர்ந்து வெளுத்தல், முறிவின் மேல் திறந்த காயம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.