ருடால்ப் டீசல்

தம் பெயரை எந்திரத்திற்கு ஈந்த ருடால்ப் டீசல், 1858-ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்கு மகனாய்த் தோன்றினார். 1870-இல் போர் மூளவே, குடும்பத்தார் இலண்டன் சேர்ந்தனர்; சிறுவர் ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினரிடம் அனுப்பப்பெற்றார். பின்னர் மியூனிக் தொழிற்கல்லூரியில் லிண்டே என்னும் பேராசிரியரிடம் வெப்பவியல் பயின்றார்.

அந்நாளைய நீராவி எந்திரங்கள் நிலக்கரியின் ஆற்றலிற் பெரும்பகுதியை வீணாக்கின. அதுகண்டு வருந்திய டீசல், காற்றை மிக அழுத்தினால் அதன் வெம்மையே எரிபொருளைப் பற்றச்செய்யும் எனத் தெளிந்தார். பல தோல்விகளைத் தாங்கி, எரிபொருளாற்றலில் நாலில் ஒரு பங்கைப் பயன்கொள்ளும் எந்திரத்தை 1897-இல் முடித்தார்.

1900-ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் அத்தகைய எந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் இயங்கிற்று. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் தம் நிலத்து விளைவாலேயே எந்திரம் இயக்குதல் கூடும் எனப் பிரெஞ்சு அரசாங்கத்தார் எண்ணினர். நிலத்தடிச் செல்வம் வற்றினும் ஞாயிற்றின் வெம்மையால் விளையும் எண்ணெய் நமக்கு உதவும் என்பதே 1912-இல் டீசல் வெளியிட்ட கருத்து. ஆயினும் மலிவான பெட்ரோலியம் அக்கருத்தை மறைத்தது.

கடன் சுமையால் நலிந்த அவர், 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து மறைந்தார். பின்னர் அவருடல் கடலிற் காணப்பெற்றது. மறைவின் காரணம் இன்றும் துணியப்படவில்லை.

இன்று தாவர எண்ணெயைப் பக்குவப்படுத்திப் பயோடீசல் ஆக்குகின்றனர். உணவு விளையும் நிலத்தைக் கவராது, புங்கம் வித்தும் சமைத்துக் கழித்த எண்ணெயும் கொண்டு அதனை வளர்ப்பதே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.