சேர். சங்கரன் நாயர்

ஜாலியன்வாலாபாக் என்றதும் படைத்தலைவன் டயரின் பெயர் நம் நினைவுக்கு வரும்; அடுத்துக் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வரும். இவ்விரு பக்கத்தாரோடும் தனித்துப் பொருதிய ஒருவரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1857ஆம் ஆண்டு பாலக்காட்டை அடுத்த மங்கரையிற் பிறந்த சேற்றூர் சங்கரன் நாயர், சென்னையில் வழக்கறிஞராய்ப் புகழ் பெற்றார். 1897இல் அமராவதியிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். பின்னர் உயர்நீதிமன்ற நீதியரசராகி, 1915இல் இராசப்பிரதிநிதியின் நிருவாக சபையில் கல்விப் பொறுப்பை ஏற்றார். அன்று அச்சபையிலிருந்த இந்தியர் அவர் ஒருவரே.

1919 ஏப்பிரில் 13, வைசாகித் திருநாள். அமிர்தசரசில் மதில் சூழ்ந்த அத்திடலிற் கூடியிருந்த மக்கள்மீது, ஓர் எச்சரிக்கையுமின்றி டயரின் வீரர் ஐம்பது பேர் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் 1,650 குண்டுகளைச் சுட்டனர். வெளியேறும் வழிகளோ மிகக் குறுகியவை. அரசாங்கக் கணக்கிலேயே மாண்டவர் 379 பேர். தொடர்ந்து இராணுவச் சட்டம், சவுக்கடி. ஒரு தெருவில் இந்தியர் ஊர்ந்தே செல்லவேண்டுமென்ற கட்டளை. இவற்றைச் செய்த ஆட்சியின் மேற்சபையில் தாம் வீற்றிருப்பதைச் சங்கரன் நாயரால் பொறுக்க முடியவில்லை. அவ்வாண்டே பதவியைத் துறந்தார். அத்தகைய பதவியை உதறுவது எக்காலத்திலும் எளிதன்று.

ஆயினும் அவர் காந்தியடிகளைப் பின்பற்றினாரல்லர். சட்டத்தை மீறும் இயக்கம் நாட்டைக் குழப்பத்தில் ஆழ்த்துமென 1922இல் ஒரு நூலே எழுதினார். அக்கண்டனம் முழுவதையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அதே நூலில், பஞ்சாபின் கொடுமைகளுக்கு அங்கு ஆளுநராயிருந்த மைக்கேல் ஓ டயரே பொறுப்பாளி என்றும் எழுதினார். (பெயர் ஒத்திருப்பினும் இவர் வேறு, படைத்தலைவன் டயர் வேறு.)

ஓ டயர் இலண்டனில் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1924இல் ஐந்து வாரம் விசாரணை நடந்தது. நீதிபதி மக்கார்டி, டயர் செய்தது சரியே என்று யூரிமார் முன்னிலையில் வெளிப்படையாகவே கூறினார். யூரிமார் பன்னிருவரில் பதினொருவர் ஓ டயர் பக்கம் நின்றனர். பேராசிரியர் ஹரோல்ட் லாஸ்கி ஒருவரே மறுத்தார். நட்டஈடு 500 பவுண். வழக்குச் செலவு அதனினும் பன்மடங்கு. மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாமென ஓ டயர் அறிவித்தார். அறுபத்தாறு வயதுக் கிழவர் மன்னிப்புக் கேட்கவில்லை, பணத்தைக் கட்டினார்.

1928இல், காங்கிரஸ் பகிஷ்கரித்த சைமன் குழுவோடு சேர்ந்தியங்கிய இந்தியக் குழுவுக்கும் தலைமை ஏற்றார். தேசிய வீரர் வரிசையில் அவர் பெயர் பின்தள்ளப்பட்டமைக்கு இதுவுமொரு காரணம் போலும். 1934இல் காலமானார்.