ஓவியர் டங்கன்சன்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், பேயெட் என்னும் சிற்றூரில், 1821-ஆம் ஆண்டில் ராபர்ட் டங்கன்சன் பிறந்தார். அவருடைய பாட்டனார் வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். பின்னர் அக்குடும்பம் மிச்சிகனிலுள்ள மன்றோ என்னும் ஊரில் குடியேறியது. வீடுகளுக்கு வண்ணம் பூசுதலும் தச்சு வேலையும் அவர்தம் குடும்பத் தொழில்கள். டங்கன்சனும் 1838-இல் நண்பர் ஒருவருடன் கூட்டாக வண்ணப் பூச்சுத் தொழில் தொடங்கினார். ஆயினும் சுவரை ஒரே நிறத்தால் மூடும் பணியில் அவர் உள்ளம் நிலைக்கவில்லை. ஓவியராகும் வேட்கையோடு சின்சினாட்டி நகரை அடைந்தார்.

அந்நகர் ஒகையோ ஆற்றின் வடகரையில் உள்ளது. தென்கரையாகிய கென்டக்கியில் மனிதரை விலைக்கு விற்கும் கொடுமை சட்டப்படியே நடந்துவந்தது. வடகரையில் அடிமை முறை இல்லை. ஆனால் கறுப்பினத்தார்க்குச் சம உரிமையும் இல்லை. 1841-இல் அவர்கள் வாழ்ந்த பகுதியை வெறிகொண்ட கூட்டம் தாக்கியது. இத்தகைய சூழலில் டங்கன்சனுக்குக் கலைப்பள்ளி ஏது? அச்சுப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஆற்றங்கரையிலும் காட்டிலும் நின்று, கண்டதை வரைந்தார். லிட்டில் மயாமி ஆற்றின் நீலமடுவை அவர் 1851-இல் தீட்டினார். அமைதியான நீர்ப்பரப்பும், கரையில் மீன்பிடிக்கும் சிற்றுருவங்களும் அதில் அமைந்துள்ளன. அவருடைய படைப்புகளுள் தலையாயது இதுவே எனலாம்.

அக்காலத்தில் நிக்கலஸ் லாங்வொர்த் என்னும் செல்வர் தம் மாளிகைச் சுவர்களில் எட்டுப் பெரிய இயற்கைக் காட்சிகளைத் தீட்டுமாறு அவரை வேண்டினார். முன்பு சுவருக்கு வண்ணம் பூசிய கை, இப்போது சுவரில் மலையையும் அருவியையும் படைத்தது! 1853-இல் அவர் ஐரோப்பா சென்று பேரோவியர்களின் படைப்புகளைக் கண்டு திரும்பினார்.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. டங்கன்சன் 1863-இல் கனடாவின் மான்ட்ரியால் நகர் சென்றார். அங்குள்ள இளம் ஓவியர்களுக்கு வழிகாட்டினார். பின்பு பிரிட்டனிலும் புகழ் பெற்றார். போர் முடிந்தபின் தாயகம் மீண்டார்.

இறுதி நாள்களில் அவர் மனம் பேதலித்தது. பல்லாண்டுகள் ஈயங்கலந்த வண்ணங்களைக் கையாண்டதே அதற்குக் காரணம் எனக் கருதுவோர் உளர். 1872-ஆம் ஆண்டு டிசம்பரில் டெட்ராய்ட் நகரில் காலமானார். மன்றோவிலுள்ள அவரது கல்லறை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பெயர்க்கல் இன்றியே கிடந்தது.

லாங்வொர்த் மாளிகையின் ஓவியங்களையும் பின்வந்தோர் சுவர்த்தாள் ஒட்டி மறைத்துவிட்டனர். மாளிகை அருங்காட்சியகமாக மாறிய 1930-களில் அத்தாளை உரித்தெடுத்தபோது, அருவிகள் மீண்டும் வெளிப்பட்டன. போருக்கு இரண்டாண்டு முன்னர், 1859-இல், அவர் தீட்டிய வானவில் காட்சியொன்று, 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்ற நாளன்று வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பெற்றது.