தானே ஏற்ற ஊழியம்: மயிலாடி வேதமாணிக்கம்

ஊழியம் என்றால் இன்று கிறிஸ்தவர்களுக்கு இறைப்பணி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய வேலைக்கு அங்கே அதுதான் பெயர். அதற்கு மேல் தலைவரியும் கட்ட வேண்டும். அந்த மண்ணில் பிறந்த ஒருவர், யாரும் கட்டாயப்படுத்தாத ஓர் ஊழியத்தைத் தானே தேடி ஏற்றார்.

அவர் பெயர் மகாராசன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்தவர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் உறவினர் ஒருவருடன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அவருடைய சாதியினர் கோயிலுக்குள் நுழைய முடியாத காலம் அது. அந்தப் பயணத்திலேயே தஞ்சாவூரில் இருந்த உறவினர்களையும் பார்க்கப் போனார். அங்கே கோலாப் ஐயரின் பிரசங்கம் அவர் மனதைத் தொட்டது. ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

ஊர் திரும்பினால் அங்கே போதகரும் இல்லை, ஆலயமும் இல்லை. கொண்டுவந்த புத்தகங்களைச் சொந்தபந்தங்களுக்கு வாசித்துக் காட்டினார். சிறு கூட்டம் சேர்ந்தது, எதிர்ப்பும் வந்தது. தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவரே கேட்டார். அந்த அழைப்பை ஏற்று லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார்.

வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி நாட்களில் வேதமாணிக்கம் மலைப்பகுதியில் மறைந்திருக்க நேர்ந்தது. ஆனாலும் 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. கூடவே பள்ளிக்கூடமும் வந்தது. எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

1816-ல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போனார். சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். 1818-ல் சார்லஸ் மீட் வந்து சேரும்வரை வெள்ளைக்காரப் போதகர் யாரும் அங்கே இல்லை. சபை கலையவில்லை. ஒரு தலித் கிறிஸ்தவர் அதைக் கட்டிக்காத்தார். மீட் வந்ததும் பொறுப்பை அவரிடம் விட்டார்.

1827-ல் வேதமாணிக்கம் காலமானார். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் ரிங்கல்தௌபே என்று பலரும் சொல்கிறார்கள். அவரைக் கூப்பிட்டவர் யார், அவர் போனபின் காத்தவர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சோலூர், கிளன்மார்கன் பக்கத்துத் தோட்ட மக்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. போதகர் வர முடியாத ஞாயிற்றுக்கிழமையிலும், வாரமெல்லாம் கொழுந்து பறித்த கைதான் ஆலயத்தைக் கூட்டி விளக்கேற்றுகிறது. உபதேசியார் ஒருவர் வேதம் வாசிக்கிறார். வேதமாணிக்கம் செய்ததும் அதே வேலைதான்.