நாய்கள் தந்த நல்மருந்து

நவம்பர் 14 என்றதும் நேரு மாமாவும் குழந்தைகள் தின விழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதே நாளில், 1891-ஆம் ஆண்டில், கனடா நாட்டில் விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பிரெடரிக் பாண்டிங். முதல் உலகப் போரில் காயமுற்றுப் பதக்கம் பெற்ற அவர், பின்னர் மருத்துவத் தொழில் தொடங்கியபோது நோயாளிகள் அதிகம் வரவில்லை.

அக்காலத்தில் சர்க்கரை நோய் கண்ட சிறுவர்கள் பட்டினிச் சிகிச்சையால் எலும்பும் தோலுமாகி இறந்தனர். 1921-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங்கும் மாணவர் சார்லஸ் பெஸ்டும், கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்கு வேறு நாய்களின் கணையச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினர். பல நாய்கள் மடிந்தன. இதைப் படிக்கையில் நமக்கு மனம் வருந்தத்தான் செய்கிறது. மார்ஜரி என்ற நாய் சுமார் 70 நாட்கள் உயிரோடிருந்தது!

1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி பலிக்கவில்லை. காலிப் என்பவர் சாற்றைத் தூய்மைப்படுத்தித் தந்த பின் அவன் பிழைத்தான். 1923-இல் பாண்டிங்குக்கும் பேராசிரியர் மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெஸ்ட் விடுபட்டதில் சினமுற்ற பாண்டிங், தம் பங்கில் பாதியை அவருக்கே அளித்தார். 1941-இல் விமான விபத்தில் மறைந்தார்.

காவிரியின் இக்கரையில் திருச்சியிலும் அக்கரையில் ஸ்ரீரங்கத்திலும் நாய் வளர்ப்போர் பலர். நாய்க்கும் சர்க்கரை நோய் வரும். ஓயாது தண்ணீர் குடிக்கும், நன்றாகத் தின்றும் மெலியும். நாய்க்கு எதற்கு ஊசி என்று கேட்போர் மார்ஜரியை அறியாதவர்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், பெரும்பாலும் காலையும் மாலையும் உணவு வேளையில், தோலுக்கடியில் இன்சுலின் போட வேண்டும். அளவு மிஞ்சினால் நாய் மயங்கி விழும்.